கூலியில்லா ஆட்டமும் பற்றில்லா மனமும்

ஒரு காரியத்தைக் கூலிக்குச் செய்கிறவனைவிடக் கூலி வாங்காமல் செய்கிறவன் மேலானவன் என்னும் எண்ணம் நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றிக் கிடக்கிறது. கீதையைப் படித்தவர்களும் படிக்காதவர்களும், பலனில் ஆசை வைக்காமல் கர்மம் செய்யவேண்டும் என்று கண்ணபிரான் பார்த்தனுக்கு உபதேசித்ததைப் பழமொழிபோல வழங்கி வருகிறார்கள். வழங்கும்போதே, பலன் என்றால் கையில் வந்து விழும் காசு என்று தங்களுக்குள் பொருள் செய்துகொண்டு, காசு வாங்காதவன் நிஷ்காமி, வாங்குகிறவன் ஆசைக்காரன் என்று ஒரு பாகுபாட்டையும் செய்துவிடுகிறார்கள். இந்தப் பாகுபாடு சரிதானா என்பதை வேதாந்த கிரந்தங்களை வைத்துக்கொண்டே விசாரிக்கலாம். ஆனால் ஒரு தேசத்து ஜனங்கள் நாற்பது வருஷ காலம் தங்கள் தேகத்தாலும் மனத்தாலும் நடத்திப் பார்த்த சோதனை ஒன்று நம் கண்முன் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு வெறும் தர்க்கத்தில் இறங்குவானேன்? அந்தச் சோதனை தென் அமெரிக்காவில் அர்ஜென்டீனா நாட்டில் நடந்தது. நடந்த இடம் கால்பந்து மைதானம். 1891-ஆம் ஆண்டு தொடங்கி 1930 வரையில் முழுமையாகவும், அதன்பின் 1934 வரையில் ஓரளவுக்கும், அந்நாட்டின் முதல்தரப் போட்டி அமெச்சூர் போட்டியாகவே இருந்தது. அதாவது, பந்தாடுகிறவன் பந்தாடுவதற்காக ஒரு காசும் பெறலாகாது என்பது அங்கே சம்பிரதாயமாகவும் பிறகு சட்டமாகவும் இருந்து வந்தது.

கால்பந்து அந்த நாட்டுக்கு ஆங்கிலேயரோடு கப்பலேறி வந்த சரக்கு. ரயில்பாதை போடவும், வங்கிகளில் கணக்கு எழுதவும், இறைச்சியையும் கோதுமையையும் ஏற்றுமதி செய்யவும் வந்த வெள்ளையர்கள், 1867-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பியூனஸ் அயர்ஸ் நகரத்தின் பலேர்மோ பகுதியில் ஒரு கிரிக்கெட் மைதானத்தைக் கேட்டு வாங்கி முதல் ஆட்டத்தை ஆடினார்கள். 1882-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்ந்த அலெக்ஸாண்டர் வாட்ஸன் ஹட்டன் என்னும் உபாத்தியாயர், முதலில் வேலை பார்த்த பள்ளியாரோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1884-இல் தாமே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். இலக்கணமும் கணிதமும் மாணவனின் புத்தியைச் செப்பனிடுவதுபோலப் பந்தாட்டம் அவனுடைய சீலத்தைச் செப்பனிடும் என்பது அவருடைய நம்பிக்கை. 1891-இல் முதல் லீக் போட்டி நடந்து, அடுத்த ஆண்டே நின்றுபோயிற்று. 1893-இல் ஹட்டன் சங்கத்தைப் புதுப்பித்து நிலைநிறுத்தினார். அவரைத்தான் அந்நாட்டார் இன்றும் தங்கள் கால்பந்தின் தந்தை என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1885-லேயே சங்கத்தார் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஞாயமாகவே அந்த உரிமையைப் பெற்றிருந்தார்கள். தாய்நாட்டில் தளர்ந்துபோன ஆசாரத்தைக் குடிபெயர்ந்து போனவர்கள் முன்னிலும் இறுகப் பிடித்துக்கொள்வது எங்கும் காணக்கிடக்கும் மனித ஸ்வபாவம். பியூனஸ் அயர்ஸில் இருந்த ஆங்கிலேயர்களும் அப்படியே, கனவானாகப் பிறந்தவன் காசுக்காக ஓடமாட்டான் என்ற பழைய ஆசாரத்தைக் கடல் கடந்தும் காப்பாற்றி வந்தார்கள்.

அந்த ஆசாரம் எத்தகையது என்பதை விளக்க ஒரே ஓர் உதாரணம் போதும். அர்ஜென்டீனாவில் முதல் லீக் நடந்த அதே 1891-ஆம் ஆண்டில், ஜூன் மாதம், கால்பந்து விதிகளில் பெனால்டி உதை சேர்க்கப்பட்டது. அயர்லாந்தில் ஆர்மா மாவட்டத்து மில்ஃபோர்டு கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்னும் கோல்காப்பாளர் செய்த யோசனை அது. எதிரி கோல் போடப்போகும் தருணத்தில் வேண்டுமென்றே அவனைத் தள்ளிவிடுகிறவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்றார் அவர். இதைக் கேட்ட இங்கிலாந்துக் கனவான்களுக்கு, அதிலும் கொரிந்தியர் சங்கத்தாருக்கு, வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு கனவான் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுவான் என்று விதி எழுதுவதே அவனை அவமதிப்பதாகும் என்பது அவர்கள் கட்சி. தங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுக்கப்பட்டால் அவர்களுடைய கோல்காப்பாளர் கம்பத்தோரம் ஒதுங்கி நின்று, பந்து வலைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். தவறு நேர்ந்துவிட்டது, அதற்குரிய தண்டத்தைத் தடுக்க முயல்வது இன்னொரு தவறு என்ற எண்ணம். படிக்கிறபோது மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனாலும், மில்ஃபோர்டுக்காரர் தம் கண்ணால் கண்டதை வைத்து விதி எழுதினார் என்பதையும், கனவான்கள் தங்கள் மதிப்பை வைத்து அதை மறுத்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்த ஆசாரத்தின் மிகச் சிறந்த மலர்ச்சியை அர்ஜென்டீனாவில் காணவேண்டுமானால் அலும்னி என்னும் அணியைக் காணவேண்டும். ஹட்டனின் பள்ளியில் படித்து வெளிவந்த பழைய மாணவர்களின் அணி அது. 1900-இல் பள்ளியின் பெயரிலேயே ஆடிச் சாம்பியன் ஆனார்கள். பள்ளியின் பெயரைச் சூட்டிக்கொள்வது விளம்பரம் ஆகும் என்று சங்கத்தார் ஆட்சேபிக்கவே, 1901-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அது முதல் 1911 வரையில், நடுவே இரண்டு ஆண்டுகள் தவிர, எல்லா ஆண்டும் அவர்களே வென்றார்கள். ஆகப் பத்துப் பட்டங்கள். பிரௌன் என்னும் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் பலர் அதில் ஆடினார்கள். அவர்களுள் ஜார்ஜ் பிரௌன் தலைவர். 1906-இல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அணியை அலும்னி 1-0 என்று தோற்கடித்தபோது, அந்நிய தேசத்து அணியை நம்மவர் வென்றார்கள் என்று ஊரே கொண்டாடிற்று.

அவர்கள் வென்றதைவிட அவர்கள் முடிந்துபோன விதந்தான் என் மனத்தைக் கவர்கிறது. பழைய மாணவனாக இல்லாத ஒருவனை அணியில் சேர்ப்பதில்லை என்பது அவர்களுடைய நியமம். பள்ளியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வருவது குறைந்தது; சொந்த மைதானம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை; செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. 1911-இல் பட்டம் வென்றவர்கள் 1912-இல் மைதானத்துக்கு வரவில்லை. 1913-இல் முறைப்படி சங்கத்தைக் கலைத்து, கடன் போக மிஞ்சியிருந்த பணத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியாளைக் கொண்டுவந்து பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கீர்த்தியின் உச்சியில் இருக்கும்போது கடையைக் கட்டிவிட்டு, கல்லாவில் இருந்ததை ஏழைகளிடம் சேர்த்துவிட்டு, வீட்டுக்குப் போனார்கள். தியாகம் என்ற சொல்லை இதற்கு வழங்கினால் மிகையென்று நான் சொல்லமாட்டேன். அவர்களில் சிலர் 1912-லேயே கில்மெஸ் அணியில் சேர்ந்து பட்டம் வென்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலைந்தது சங்கம், ஆட்டத்தின்மீது இருந்த ஆசை கலையவில்லை.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. அலும்னியார் எதைத் துறந்தார்கள்? ஆட்டத்தினால் வரக்கூடிய கூலியைத் துறந்தார்கள். அந்தக் கூலி அவர்களுக்கு வேண்டியதாக இருந்ததா? ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆங்கிலேயரின் வர்த்தகம் தழைத்த நகரத்தில் வாழ்ந்த அவர்களுக்குச் சோற்றுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. குதிர் நிறைய நெல் வைத்திருப்பவர் ஏகாதசியன்று இருப்பது உபவாசம்; குருணையும் இல்லாதவன் அதே ஏகாதசியன்று கிடப்பது பட்டினி; வெளியிலிருந்து பார்த்தால் இருவர் வயிறும் ஒன்றாகத்தான் இருக்கும். அமெச்சூர் விதி இந்த இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, இருவருக்கும் இலை போடாமல், இதுவே தர்மம் என்றது.

இரண்டாமவன் மைதானத்துக்கு வந்து சேர்ந்த கதை அதைவிடச் சுவையானது. 1905-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பியூனஸ் அயர்ஸில் லண்டன் நகரத்தின் பெயரைத் தாங்கியிருந்த ஒரு பெரிய ஜவுளிக் கடையின் இளம் சிப்பந்திகள், கடைக்காரர்களின் கால்பந்துச் சங்கத்தில் தங்களுக்கு ஆடவும் ஓட்டளிக்கவும் இடமில்லை என்று கண்டு, தனியாகப் பிரிந்து இந்திபெந்தியெந்தே என்னும் சங்கத்தை நிறுவினார்கள். அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் சங்கம் முதலில் சிகாகோவில் தூக்கிலிடப்பட்ட தொழிலாளர் தியாகிகளின் பெயரைத் தாங்கியிருந்தது. சாக்கரீட்டா ஜூனியர்ஸ் 1906-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று ஒரு சோஷலிஸ்ட் வாசகசாலையில் பிறந்தது. ரோசாரியோ நகரத்தில் ரயில்வே பட்டறையாட்களும், துறைமுகத்துப் போக்காவில் இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளும் பந்தைத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள்.

அல்மாக்ரோப் பகுதியில் நடந்ததைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தெருவில் பந்தாடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் டிராம் வண்டியில் அடிபட இருந்து தப்பினான். அதைக் கண்ட லொரென்சோ மாஸா என்னும் சலேசிய சபைப் பாதிரியார், கோயிலுக்குப் பின்னால் இருந்த முற்றத்தை அந்தப் பையன்களுக்குத் திறந்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் வரவேண்டும். பூசையையும் பந்தையும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட அந்தப் பிள்ளைகள், 1908 ஏப்ரல் முதல் நாளன்று முறையாகச் சங்கம் கூடியபோது, அதற்குச் சாமியாரின் பெயரையே வைக்கவேண்டும் என்றார்கள். அவர் கூசி மறுத்தார். பிறகு, தம்மை நினைக்காமல் புனித லாரன்ஸையும், சுதந்திரப் போரில் சான் லொரென்சோ என்னும் இடத்தில் நடந்த சண்டையையும் நினைத்து வைப்பதானால் சரி என்று இணங்கினார். சபையின் பொக்கிஷங்களை ஒப்படை என்று ரோமாபுரி அதிகாரி ஆணையிட்டபோது ஊர் ஏழைகளைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, இவர்களே எங்கள் பொக்கிஷம் என்று சொன்னவர் அந்தப் புனிதர் என்பது ஐதிகம். பொருத்தமான பெயர்தான். அந்த முற்றத்தில் ஆடிய பிள்ளைகளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. கூலி என்று ஒன்று உண்டு என்ற நினைவும் அவர்களுக்கு இருந்திராது. கூலியில்லா ஆட்டத்தின் தூய்மை எங்காவது இருந்ததென்றால் அங்கேதான் இருந்தது. பூசைக்கு வருவதைக் கட்டணம் என்று கணக்கிடுகிறவர்கள் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் முற்றம் முற்றமாகவே இருக்கவில்லை. 1913-இல் ரேஸிங் சங்கம் வென்று, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பட்டத்தை விடாமல் வைத்திருந்தபோது, ஆட்டம் ஆங்கிலேயர் கையிலிருந்து அந்நாட்டுப் பிள்ளைகள் கைக்கு மாறிவிட்டது என்று எல்லோரும் உணர்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்க்க வந்தார்கள். 1928-இல் இந்திபெந்தியெந்தே சங்கத்தார் சிமெண்டினால் பெரிய ஆட்ட அரங்கமே கட்டிவிட்டார்கள். ஆட்டக்காரன் துறந்த பலன் ஆகாயத்தில் கரைந்துபோகவில்லை என்பதற்கு அந்தச் சிமெண்டே பிரத்தியட்சப் பிரமாணம். ஒருவன் பலனைத் துறந்தால் அது பகவானுக்குப் போய்ச்சேரும் என்று சாஸ்திரம் சொல்லலாம். மைதானத்திலோ அது நிர்வாகிகளுக்குப் போய்ச்சேர்ந்தது.

வேலைக்குப் போகாமல் பயிற்சிக்கு வா என்று சங்கம் கூப்பிட்டால், அன்றைய கூலிக்கு வழி என்ன என்று தொழிலாளி கேட்கத்தான் செய்வான். கூலி கொடுக்கச் சட்டம் இல்லை. ஆளை விடவும் மனம் இல்லை. ஆகவே திரைமறைவில் பணம் கைமாறிற்று. ஆட்டக்காரனுக்குப் பெயரளவில் ஓர் உத்தியோகம் கிடைத்தது, அங்கே அவன் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். பழுப்பு அமெச்சூர்கள் என்று அந்நாட்டு ஜனங்கள் இவர்களைப் பரிகாசம் செய்தார்கள். 1919-இல் சங்கம் இரண்டாகப் பிளந்தபோது, ரேஸிங், ரிவர் பிளேட், இந்திபெந்தியெந்தே, சான் லொரென்சோ முதலிய பெரிய சங்கங்கள் சேர்ந்து அமைத்த புதிய சபை, மற்ற எந்தப் பெயரையும் விட்டுவிட்டு அமெச்சூர் சங்கம் என்றே பெயர் சூட்டிக்கொண்டது. நெற்றியில் நீறு பெரிதாகப் பூசுகிற இடத்தில்தான் உள்ளே பார்க்கவேண்டும். அந்தப் பிளவு 1926-இல் குடியரசுத் தலைவர் மார்செலோ அல்வேயர் மத்தியஸ்தம் செய்யும்வரை ஓயவில்லை.

கர்மேந்திரியங்களை அடக்கிக்கொண்டு, மனத்தினாலே விஷயங்களை நினைத்துக்கொண்டிருப்பவன் மித்யாசாரன், பொய்யொழுக்கன், என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கடிந்து பேசுகிறது. கையால் வாங்காதே, மனத்தால் எதையும் நினைத்துக்கொள் என்று சொன்ன அமெச்சூர் விதி, ஒரு தேசத்து ஆட்டக்காரர் அனைவரையும் மித்யாசாரர்கள் ஆக்கிற்று. இதில் பாவம் யாரைச் சேரும்? பசிக்காக உறையை வாங்கியவனையா, உறைக்குள் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் சபையில் தூய்மையைப்பற்றிப் பிரசங்கம் செய்தவரையா? எனக்குச் சந்தேகமில்லை. அதே அத்தியாயத்தில், கர்மம் செய்யாவிட்டால் உனக்குச் சரீர யாத்திரைகூட நடவாது என்றும் சொல்லியிருக்கிறது. உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு வேண்டியதைக் கர்மத்திலிருந்து பெறுவதைப் பகவான் எங்கும் இழிவாகப் பேசவில்லை. இழிவாகப் பேசியவர்கள் கனவான்கள்.

போகட்டும், கூலியை வாங்காதவர்களாவது பற்று நீங்கியவர்களா என்றால், அதற்கும் விடை வேறு விதமாக இருக்கிறது. ரியோ தெ லா பிளாட்டா நதிக்கு அக்கரையில், உருகுவே நாட்டில், அங்கும் அமெச்சூர் காலமே நடந்துகொண்டிருந்தது. மொன்டெவிடியோவில் நாசியோனால் சங்கத்தின் நடுவரிசையில் அப்தோன் போர்ட்டே என்பவர் பல ஆண்டுகள் ஆடினார். சங்கந்தான் அவருக்கு உயிர். ஆட்டத்தில் பழைய வேகம் குறையவே, அவர் இடத்தில் வேறொருவரை ஆடவைக்கச் சங்கத்தார் தீர்மானித்தார்கள். 1918-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாம் ஆடி வென்ற ஓர் ஆட்டத்தின் இரவிலே, அவர் தனியாக அந்த மைதானத்துக்குத் திரும்பிப் போய், நடுவட்டத்தில் தம் உயிரை முடித்துக்கொண்டார். பணம் காசு என்னும் பலனை எண்ணாதவர் ஒருவர் இருந்தாரென்றால் அவர் போர்ட்டேதான். பற்று என்னும் கயிறு ஒருவரை இறுக்கிற்றென்றால் அதுவும் அவரைத்தான். இந்தச் செய்தியைச் சொல்லித் தத்துவம் பேசுவதற்கே நா கூசுகிறது. ஆயினும், கூலியைத் துறப்பது ஒன்று, பலனில் பற்றைத் துறப்பது வேறொன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியவில்லை. காசு என்பது பலன்களில் ஒன்று, அதுவும் மிகச் சிறியது. வெற்றி, கீர்த்தி, ஜனங்களின் ஆரவாரம், அணியில் தனக்கென்று ஓர் இடம் என்னும் பெரிய பலன்களையெல்லாம் அப்படியே விட்டுவைத்து, சில்லறையை மட்டும் பறித்துக்கொண்டது அமெச்சூர் விதி.

நம்மூரிலும் அமெச்சூர் என்னும் சொல் அந்நியமன்று. அர்ஜென்டீனாவில் முதல் லீக் நடந்த அதே 1891-இல் தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் காசு வாங்காமல் வேஷம் கட்டி, கூத்தாடி என்றால் முகம் சுளித்த சமூகத்தில் நாடகத்துக்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தார்கள். அது பெரிய தொண்டு. அதே காலத்தில் நாடகக் கம்பெனிகளில் சோற்றுக்காகப் பாடி நடித்த பாலர்களின் கலை அதற்குத் தாழ்ந்ததா என்று கேட்டால், அவர்கள் பாட்டைக் கேட்டவர்கள் யாரும் ஆம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் கௌசிகன் என்னும் பிராமணனுக்கு மெய்ப்பொருள் உணர்த்துகிறவன் யார்? மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் தருமவியாதன். தபஸ்வியாகிய கௌசிகன் கொக்கைப் பார்வையாலே எரித்த கர்வத்தோடு வருகிறான். வியாதனோ எடைபோட்டு, விலை சொல்லி, காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, கடையை முடித்துவிட்டு வந்து அவனுக்குத் தர்மத்தை உபதேசிக்கிறான். கூலி வாங்கும் கையும் பற்றற்ற மனமும் ஓர் ஆளிடத்தில் கூடி இருக்கமுடியும் என்பதற்கு வியாசர் காட்டும் சாட்சி அந்த இறைச்சிக் கடைக்காரன். தவம் செய்தவனிடத்தில் இல்லாத அமைதி தராசு பிடித்தவனிடத்தில் இருந்தது. கூலியை அளவுகோலாக வைத்துக்கொண்டு மனத்தை அளக்கப் புகுகிறவர்கள் வியாதனை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

மீண்டும் பியூனஸ் அயர்ஸுக்கு வருவோம். இத்தாலியச் சங்கங்கள் வெளிப்படையாகப் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை அழைத்துப்போகத் தொடங்கின. 1925-இல் லிபோனாத்தி டுரின் நகரத்துக்குப் போனார், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஓர்ஸி யுவென்டஸ் சங்கத்தில் சேர ஒப்பினார். போனவர் போக, மிஞ்சியவர்கள் 1931-ஆம் ஆண்டின் முற்பகுதியில் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன என்பதைக் கவனிக்கவேண்டும். சம்பளத்தை அல்ல, சுதந்திரத்தை முன்வைத்தார்கள். ஓர் ஆட்டக்காரன் தன் சங்கத்தின் சம்மதமில்லாமல் இன்னொரு சங்கத்துக்குப் போகமுடியாது என்று இருந்த பூட்டைத் திறக்கவேண்டும், விரும்பிய இடத்தில் ஆடும் உரிமை வேண்டும் என்பதே கோரிக்கை. ஊர்வலமாக அரசாங்க மாளிகைக்குப் போனார்கள். முந்திய செப்டம்பரில் படை பலத்தால் ஆட்சியைப் பிடித்திருந்த ஜெனரல் உரிபுரு, நகராட்சித் தலைவர் கெர்ரிக்கோவைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். சங்கத்து நிர்வாகிகளிடம் பேச்சு நடந்தது. மே மாதத்தில் பதினெட்டுச் சங்கங்கள் பிரிந்து வந்து, சம்பளம் கொடுத்து ஆடும் புதிய லீக்கை அமைத்துவிட்டன; மே 31 அன்று முதல் ஆட்டங்கள் நடந்தன. சம்பளம் வந்தது, பூட்டோ அப்படியே இருந்தது. அமெச்சூரைக் கட்டிவைத்த சங்கம், இப்போது சம்பளக்காரனைக் கட்டிவைத்தது, அவ்வளவுதான். அவனை விற்கவும் வாங்கவும் செய்தது.

கூலியில்லா ஆட்டத்தைப் புகழ்ந்தவர்களும் கூலியாட்டத்தை இகழ்ந்தவர்களும் ஒருங்கே காணத் தவறியது இதைத்தான். துறவு என்பது தன் இச்சையால் செய்வது. போகலாம் என்ற உரிமை உள்ளவன் போகாமல் இருந்தால் அது விசுவாசம். வாங்கலாம் என்ற உரிமை உள்ளவன் வாங்காமல் இருந்தால் அது நிஷ்காமம். அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டபின் அவனைப் பார்த்து நீ யோகி என்று மாலையிடுவது பரிகாசமாகும். தியாகத்தைப் பிறர்மேல் விதியாகச் சுமத்த முடியாது. சுமத்தினால் அதற்குப் பெயர் வரி. அலும்னியார் தங்கள் பணத்தைத் தாங்களே கொடுத்தார்கள். அதனாலேதான் அவர்கள் செய்ததை நான் தியாகம் என்றேன். அவர்களுக்குப் பின் வந்த ஜவுளிக் கடைப் பையனுக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. கொடுப்பதற்கு அவர்கள் கையில் ஒன்றும் வைக்கப்படவில்லை.

1934-ஆம் ஆண்டில் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக்கு அர்ஜென்டீனா தன் அமெச்சூர்களையே அனுப்பிற்று. சம்பள லீக்கின் சங்கங்கள் தங்கள் ஆட்களை விடவில்லை. 1930-இல் இறுதியாட்டம்வரை போன அணியிலிருந்து ஒருவர்கூட அதில் இல்லை. மே 27 அன்று போலோன்யா நகரத்தில் ஸ்வீடனிடம் 3-2 என்று தோற்று, ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். அதே போட்டியின் இறுதியாட்டத்தில் இத்தாலியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அர்ஜென்டீனாவில் பிறந்த மொன்டியும் ஓர்ஸியும் ஆடினார்கள். செக்கோஸ்லோவாக்கியா ஒரு கோல் முந்தியிருக்க, ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது, ஓர்ஸி அடித்த பந்து ஆகாயத்தில் வளைந்து, கோல்காப்பாளர் நினையாத வழியில் வலைக்குள் போயிற்று. இத்தாலி பிறகு கூடுதல் நேரத்தில் வென்றது. மறுநாள் புகைப்படக்காரர்களுக்காக, காப்பாளர் இல்லாத வெறும் வலையைப் பார்த்து அதே உதையை மீண்டும் உதைத்துக் காட்ட அவர் பலமுறை முயன்றும் பந்து அப்படி வளையவில்லை என்று ஒரு கதை வழங்குகிறது.

அந்தக் கதையை நான் நம்புகிறேன். யுவென்டஸ் கொடுத்த சம்பளம் அந்த உதையைக் கறைப்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் ஓர்ஸியின் மனத்தில் சம்பளம் இருந்திருக்கமுடியாது, கீர்த்தியும் இருந்திருக்கமுடியாது, பந்து ஒன்றுதான் இருந்திருக்கும். பலனில் நாட்டமில்லாத கர்மம் என்பது ஆட்டக்காரனுக்கு அனுபவத்தில் அகப்படுகிற இடம் அதுவே. அது சம்பளம் வாங்குகிறவனுக்கும் அகப்படும், வாங்காதவனுக்கும் அகப்படும். இருவருக்கும் நெடுநேரம் நிற்காது. மறுநாள் படத்துக்காக உதைத்தபோது பலன் முன்னால் வந்து நின்றுகொண்டது.

1934 நவம்பரில் இரண்டு லீக்குகளும் ஒன்றாயின. அமெச்சூர் காலம் முடிந்தது. அதன்பிறகு அந்நாட்டு ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் பட்டங்களை எண்ணும்போது வெகுகாலம் 1931-இலிருந்தே எண்ணத் தொடங்கினார்கள். அதற்கு முந்தியது பிள்ளை விளையாட்டு, சம்பளம் வந்தபின் நடந்ததே உண்மையான ஆட்டம் என்பது அவர்கள் வாதம். கனவான்கள் கூலி வாங்கியவனை ஆட்டக்காரன் அல்லன் என்றார்கள். இவர்கள் கூலி வாங்காதவனை ஆட்டக்காரன் அல்லன் என்கிறார்கள். இரண்டு கட்சியும் கூலி என்னும் ஒரே தராசைக் கையில் வைத்திருக்கின்றன. நாட்டுக் கால்பந்துச் சங்கமோ இரண்டு காலத்துப் பட்டங்களையும் ஒரே வரிசையில் சேர்த்து எழுதுகிறது. அலும்னியின் பத்தும் ரேஸிங்கின் தொடர்ச்சியான ஏழும் அந்த வரிசையில் இருக்கின்றன. சங்கம் செய்ததே சரி.